திரும்பி வராத யோயோ

ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாகறலிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டதால் வேலை நின்றுபோயிற்று.

அதுவரை எங்களுக்குள் பேச்சு மிகவும் குறைவு. விடிந்ததும் அவர் தறியில் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பேன். 'நூலு', 'தண்ணி', 'சாப்பாடு ஆச்சா' என்பதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அந்த மழையில் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் பரணில் ஏறினேன். மூலையில் ஒரு தகரப்பெட்டி நனைந்துகொண்டிருந்தது. இறக்கித் துடைத்துத் திறந்தால் உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்குப் பூசிய மரச்சாமான்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டத் தட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுவில் இருந்த இடுக்கில் கயிறு சுற்றியிருந்தது. ஏதோ பழைய நூல் உருளை என்றுதான் நினைத்தேன். ஆனால் நூல் உருளைக்கு எதற்கு இவ்வளவு அழகு?

"அத்த, இதெல்லாம் இன்னா?"

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஐய, அதுங்களா! யோயோவாம். உன் புருஷன் சேத்து வெச்சிருக்கறான். பட்டணம் போனா ஒண்ணு, திருப்பதி போனா ஒண்ணு. தறி ஓட்டற ஆம்பளைக்கு இதெல்லாம் தேவையாமா?"

பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்து நின்றார். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நான் சிரிப்பேன் என்று பயந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்படி ஆடறது? காட்டுங்களேன்" என்றேன்.

தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்து, கயிற்றின் நுனியை விரலில் மாட்டிக் கீழே விட்டார். அது உருண்டு இறங்கியது. தரையைத் தொடப்போகிறது என்று பார்த்தால், தானாகவே கயிற்றில் ஏறி அவர் கைக்குள் வந்துவிட்டது. நான் அவர் மணிக்கட்டையே பார்த்தேன். அவர் இழுத்தாற்போல் தெரியவில்லை. மாகறலில் நான் பம்பரம் விட்டிருக்கிறேன். பம்பரம் கையை விட்டுப் போனால் போனதுதான். இது எப்படித் திரும்பி வருகிறது?

"இன்னொரு வாட்டி."

மறுபடி விட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாம் வந்தன. ஒரு பச்சை யோயோ மட்டும் கீழே போய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, ஓய்ந்து, செத்தாற்போல் தொங்கியது.

"இது வேலூர்ல வாங்கனது. எறங்கும், ஏறாது."

"அப்புறம் எதுக்கு வெச்சிக்கினு இருக்கீங்க?"

"கீழ நின்னு சுத்தறப்ப நல்லா இருக்குதே" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பச்சையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்றவற்றில் கயிறு நடு அச்சில் இறுக முடிபோட்டிருந்தது. இதில் முடியே இல்லை. கயிற்றின் இரண்டு புரிக்கு நடுவே அச்சு சும்மா புகுந்து கிடந்தது. அதனால்தான் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஆனால் திரும்பி வராததற்கு அது மட்டும் காரணமா?

தொங்கவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, யோயோ தானாக மெல்லத் திரும்புவது தெரிந்தது. கயிறு முறுக்கு அவிழ்ந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்குத் தெரிந்த சங்கதி. முறுக்கு குறைந்தால் நூல் தளர்ந்துபோகும். தளர்ந்த வளையம் அச்சை எப்படிப் பிடிக்கும்? கயிற்றை விரல்களுக்கு நடுவில் உருட்டி முறுக்கேற்றினேன். பிறகு வீசினேன். கீழே நின்று சுற்றியது. லேசாகச் சுண்டினேன். விறுவிறுவென்று ஏறி வந்து உள்ளங்கையில் அறைந்தது.

நான் கத்திவிட்டேன்.

"இன்னா பண்ண நீ? இன்னா பண்ண?" என்று அவரும் கத்தினார்.

"முறுக்கு ஏத்தனேன். அவ்ளோதாங்க."

அன்று பொழுது சாயும்வரை அதே வேலைதான். முறுக்கு அதிகமானால் கீழே நிற்காமல் உடனே வந்துவிடுகிறது. குறைந்தால் வருவதே இல்லை. நடுவில் ஒரு பதம் இருந்தது. பருத்திக் கயிற்றை எடுத்துவிட்டுக் கழிவுப் பட்டில் ஒரு கயிறு முறுக்கிப் போட்டோம். ரொம்ப வழுக்கியது. அச்சில் இரண்டு சுற்றாக மாட்டிய பிறகு சொன்னபடி கேட்டது.

அடுத்து, நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. அவர் பலாமரத் துண்டில் இரண்டு வட்டம் அறுத்தார். பட்டு நிறுக்கும் தராசில் இரண்டையும் போட்டு, கனமானதை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து முள்ளை நேராக நிறுத்தினேன். அவ்வளவு பாடுபட்டும், அச்சில் கோத்து வீசியபோது அது குடிகாரன் மாதிரி தள்ளாடியது. எடை சரியாகத்தானே இருக்கிறது? அச்சுக்குப் போட்ட துளை நடுவில் இல்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"ரெண்டு துண்டு எதுக்கு? ஒரே கட்டையில நடுவுல பள்ளம் வெட்டிட்டா?" என்றார் அவர்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் இருவருமாக மரக் கடைசல் பட்டறைக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு, கோயிலுக்கு அல்லாமல் நாங்கள் சேர்ந்து போன முதல் இடம் அதுதான். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பட்டறைக்காரர், "கொழந்தைக்காபா? இப்பதான கல்யாணம் ஆச்சு, அதுக்குள்ளயா?" என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த மரச்சுருளைப் பார்த்தேன்.

"எங்களுக்குத்தான்" என்று நான்தான் சொன்னேன்.

பட்டறைக்காரர் கட்டையை எடுத்து மாட்டினார்.

வீட்டுக்கு வந்து கயிறு மாட்டி வீசினால், அது அசையாமல் கீழே நின்று ரீங்காரம் போட்டது. மற்ற எதுவும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. சமையலறையிலிருந்து மாமியார் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"வண்டு பூந்துடுச்சாமா?"

"இல்ல அத்த, இதுதான்."

துடைப்பத்தைப் பிடித்தபடியே குனிந்து, சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு தபா சுத்து" என்றார்.

கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்து தறிக்குழி காய்ந்தது. தறி ஓட ஆரம்பித்தது. அவர் காலும் கையும் வேலையில் இருக்கும்போதே திடீரென்று என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "ஏம்மா, கயிறு நனைஞ்சா முறுக்கு ஏறுமா, எறங்குமா?"

"தெரிலீங்க. சாயங்காலம் நனைச்சுப் பாக்கலாம்" என்பேன் நான்.