கடைசிக்குப் போன முதல் பெயர்

மானாவாரிக் காட்டில் மழை பெய்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். பரளச்சியில் டிராக்டர் ஓட்டும் நான், சண்டையே வேண்டாமென்று சீட்டுக் குலுக்கி, யாருக்கு முதலில் விதைப்பது என்ற வரிசையை ஆன்லைன் ஷீட்டில் ஏற்றி, வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டேன். ‘பார்க்க மட்டும்’ என்று வைக்க மறந்துவிட்டேன்.

மழை கொட்டிய மறுநாள் காலை ஷீட்டைத் திறந்தால், முதலில் இருந்த மாரியம்மா அக்காவின் பெயர் கடைசியில் கிடக்கிறது! கடைசியில் இருந்த முத்துராமு அண்ணன் முதலிடத்தில்! எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் வேலையைக் காட்டிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். சண்டைக்குப் போகுமுன் ஆதாரம் வேண்டுமே என்று எடிட் ஹிஸ்டரியைப் பார்த்தேன்.

மாற்றியவர் மாரியம்மா!

உடனே போன் போட்டேன்.

“எங்க காட்டுல தூத்தலோட போச்சு தம்பி. முத்துராமு அண்ணன் காட்டுலதான் நல்ல மழ. ஈரம் காயிறதுக்குள்ள அவுக வெதைக்கட்டும்னு நாந்தான் மாத்துனேன். தப்பா?”

“இல்லக்கா, இந்தா கெளம்பிட்டேன்!”

சாவியைத் திருகி, டிராக்டரை நேரே முத்துராமு அண்ணன் காட்டுக்கு விட்டேன்.

அன்றே, வெளியாட்கள் நுழைய முடியாதபடி லிங்கை எங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று மாற்றினேன். அவர்கள் திருத்தும் உரிமையில் கை வைக்கவில்லை.

நாலாம் நாள் அக்கா காட்டிலும் மழை வெளுத்து வாங்கியது. அவர் பெயரை மேலே ஏற்ற அவசரமாக ஷீட்டைத் திறந்தேன். எனக்கு முன்பே யாரோ ஏற்றியிருந்தார்கள்.

இந்த முறை ஹிஸ்டரியைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.