சுத்தமான தொட்டியில் பிடித்த சேறு

மலேசியாவில், பாசிர் கூடாங் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரே வேலைதான். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள், கிணற்றுக்குள் செலுத்தித் திரும்ப எடுக்கும் சேற்றில் கொஞ்சம் அனுப்புவார்கள். அதை, எண்ணெயோடு மணல் வராமல் தடுக்கக் கிணற்றுக்குள் இறக்கப்போகும் சல்லடையின் ஒரு துண்டில் ஊற்றிப் பார்ப்பேன். அடைக்காமல் வடிந்தால் சல்லடையை இறக்கலாம்.

ஒரு முறை அனுப்பிய சேறு தடையில்லாமல் வடிந்தது. நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் இறக்கிய சல்லடை அடைத்துக்கொண்டது. எண்ணெய் சரியாக வரவில்லை. பழி எங்கள்மேல் விழுந்தது.

கடல் மேடையில் சேற்றைக் கவனிப்பவர் பெக்கோக் ஊர்க்காரர் ஒருவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"எந்தச் சேத்த, அண்ணே, போத்தல்ல புடிச்சீங்க?"

"புதுசா கலக்கி வச்ச தொட்டியிலதான், தங்கச்சி. கெணத்துலேர்ந்து திரும்பி வர்றது ஒரே மண்ணுலா. அத அனுப்பினா நீங்க பாஸ் பண்ண மாட்டீங்களே!"

"அலமாக்! அந்த மண்ணுதானே அண்ணே சல்லடைய அடைக்குது!"

அடுத்த கிணற்றுக்கு, திரும்பி வரும் சேறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அது அடைத்தது. வடிகட்டி அனுப்பச் சொன்னேன், அதுவும் அடைத்தது. இன்னும் நுணுக்கமாக வடிகட்டிய பிறகே ஒருவழியாக வடிந்தது. சல்லடையை இறக்கினார்கள், எண்ணெய் நன்றாக வந்தது.

எனக்கு வந்ததோ, ஆய்வுக்கூடம் வேலையைத் தாமதப்படுத்துகிறது என்ற புகார்.