பீர் ஊற்றிச் சுட்ட பாண்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் தூக்கியது கொழுந்துக் கூடைதான். ஆகவே வரிகள் முன்னும் பின்னுமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைய விஷயங்கள் மறந்தும் போயின. ஒரு வாசனை மட்டும் போகவில்லை. சூடான தகரத்தில் மாஜரின் உருகும் வாசனை, அதற்குக் கீழே பாணின், அதாவது பிரெட்டின், மாவு வேகும் வாசனை, அதற்கும் கீழே லேசான கசப்பாக, புளித்த தானியம் போல, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பீர் வாசனை. ஒரு மார்கழி மாதத்து மழையில் எங்கள் வீட்டில் எழுந்த அந்த வாசனையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம். மார்கழியில் அங்கே மழை விடுவதே இல்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு "காம்பிரா" என்று ஒரே ஓர் அறை, அதற்கு முன்னால் ஆள் படுக்கிற அளவுக்கு "இஸ்தோப்பு" என்று ஒரு திண்ணை. அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது, தம்பி ராசுவுக்கு மூன்று வயது. அப்பா நல்ல வேலைக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சம்பளநாள் வந்தால் அவர் எங்களுடைய மனிதர் இல்லை, "தவறணை" என்கிற சாராயக்கடையுடைய மனிதர். ஒருமுறை அம்மா மழைக்குப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போகும் கம்பளியையே கொண்டுபோய்க் கொடுத்துக் குடித்துவிட்டு வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் அம்மா உரச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தார். முதுகிலிருந்த ஈரம் இராத்திரி அடுப்படியில் உட்கார்ந்தாலும் காயாது.

அந்தக் கம்பளிக்காக அம்மா சண்டை போடவில்லை. பேசாமலே இருந்தார். அந்தப் பேசாமைதான் அப்பாவை உலுக்கியிருக்க வேண்டும். ஆடி மாதத்தில், மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், அவராகவே குளித்துவிட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பூசாரி தட்டில் சூடம் கொளுத்தினார். அப்பா ஒரு கையைச் சூடத்துக்கு மேலே நீட்டி, இன்னொரு கையை ராசுவின் தலையில் வைத்தார்.

"இனிமே ஒரு சொட்டு இந்த வாய்க்குள்ள போனா, ஆத்தா, நீ இவனை எடுத்துக்க."

அம்மா பாய்ந்து பிள்ளையை இழுத்தார். "எதுக்குங்க புள்ள தலையில அடிக்கிறீங்க? உங்க தலை எங்க போச்சு?"

"என் தலைக்கு நான் பயப்பட மாட்டேன்டி. அதான்," என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். அந்தப் பயம் அவரைப் பிடித்து நிறுத்தியது. முதல் மாதம் கை நடுங்கியது, இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தார். பிறகு மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. ராசுவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றுவார். எனக்குப் பேன் பார்த்துவிடுவார். அம்மாவுக்குப் புதுக் கம்பளி வந்தது. ஆடியிலிருந்து மார்கழிவரை, அவ்வளவுதான், எங்களுக்கு ஓர் அப்பா இருந்த காலம்.

அம்மாவின் அண்ணன், என் பெரியசாமி மாமா, துரையின் பங்களாவில் சமையல்காரர். அப்படிப்பட்டவர்களை "அப்பு" என்போம். வெள்ளைச் சட்டையும் எண்ணெய் தடவிய தலையுமாக வருவார். அவர் வந்தால் சிரிப்புத்தான். பங்களாவில் கிறிஸ்மஸ் விருந்து முடிந்த கையோடு, பேப்பரில் சுற்றிய ஒரு போத்தல் பீரைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். அப்பா வீட்டில் இல்லை.

"அண்ணே, இதை எடுத்துட்டுப் போயிருங்க. அவரு கண்ணுல பட்டா மனசு கெட்டுரும்," என்றார் அம்மா.

"இது சாராயமில்ல தங்கச்சி, பார்லித் தண்ணி. இதைக் குடிச்சுட்டுத்தான் தொரை நம்ம ஆளுகளுக்கெல்லாம் அரைப் பேர் போட்டு அரைநாள் கூலி குடுக்குறாரு."

"வெளையாடாதீங்கண்ணே."

"சரி, அவருக்கு வேணாம். பாண் சுட்டுப் புள்ளைகளுக்குக் குடு. தொரைசாணி இதை ஊத்தித்தான் பாண் சுடுவாங்க. ஈஸ்ட்டும் வேணாம், பிசையவும் வேணாம், பொங்கட்டும்னு காத்திருக்கவும் வேணாம். மாவைக் கலக்கி ஊத்தி மூடி வச்சா, ஒரு மணித்தியாலத்துல பாணு." அளவையும் கையாலேயே காட்டிச் சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

அம்மா அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். வாசலில் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் கொட்டியிருக்கலாம். ஆனால் ஒன்றையும் கொட்டிப் பழகாத கை அது. வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து, கொட்டினால் பாவம், அண்ணன் கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் மனவருத்தம். கடைசியில் என்னைப் பார்த்து, எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார்: "தீயில வெந்ததுக்கு ஏது தோஷம்? நெருப்பு பட்டா எல்லாம் சுத்தந்தான்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா விறகுக்காக "மிலாறு" பொறுக்கப் போனார். கவ்வாத்தில் விழுந்து காய்ந்த தேயிலைக் கொப்புகளைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் வருவதற்குள் சுட்டு, தின்று, தகரத்தையும் கழுவி வைத்துவிடுவது என்பது அம்மாவின் எண்ணம். கோதுமை மாவோடு உப்பும் சீனியும் அப்பச்சோடாவும் சேர்த்து அரித்தார். கவ்வாத்துக் கத்தியின் முதுகால் போத்தலின் மூடியைத் தட்டி எடுத்தார். பீரை ஊற்றியதும் மாவு "புஸ்"ஸென்று நுரைத்து எழுந்தது, ராசு கையைத் தட்டிக் குதித்தான். அகப்பையால் நாலு கிண்டு, அவ்வளவுதான். மாஜரின் தடவிய பிஸ்கட் தகரத்தில் ஊற்றி, மணல் பரப்பிய பெரிய சட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தகட்டை மூடி, தகட்டின்மேல் தணலை அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டில் அதுதான் பாண் சுடும் அடுப்பு, "போறணை". கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை காம்பிரா முழுக்க நிறைந்தது.

பாண் உச்சியில் வெடித்து, பொன்னிறமாக வந்தது. அம்மா அதைச் சுளகில் கவிழ்த்து முதல் துண்டை அறுத்து ராசுவிடம் கொடுத்தபோது அப்பா வந்துவிட்டார். மலையில் பெருமழை, கட்டை வழியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

"என்னடி வாசம் இது?"

"பாணு... புள்ளைகளுக்குச் சுட்டேன்."

அம்மா அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் ராசு தன் கையிலிருந்த துண்டைப் பிய்த்து, குனிந்த அப்பாவின் தோளில் தொற்றி, அவர் வாயில் திணித்தான். அம்மாவின் கை முன்னே நீண்டது, பிறகு தானாகவே இறங்கியது. அப்பா மென்றார். "கடைப் பாண் மாதிரி இல்லையே! நல்லாருக்கு. இன்னொரு துண்டு குடு," என்றார். அம்மா அறுத்துக் கொடுத்தார்.

அவர் அதைத் தின்றுகொண்டிருக்கையில் மாமா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மாப்புள, சத்தியமெல்லாம் எப்புடிப் போகுது?"

"நல்லாப் போகுது மச்சான், ஆத்தா புண்ணியத்துல."

"போகும் போகும். ஒரு போத்தல் பீரை வெத்தலை மாதிரி மென்னுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, ஏன் போகாது!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் மாமா.

அப்பாவின் தாடை நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகமே பதில் சொல்லிவிட்டது. எழுந்து கொட்டும் மழையில் கான் ஓரத்துக்குப் போய், தொண்டைக்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். அம்மா பின்னாலேயே ஓடி, "நெருப்புல வெந்ததுங்க, அதுல இப்ப ஒண்ணுமில்லீங்க," என்று அழுதார். அப்பா சத்தம் போடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வாசம் போச்சா? இல்ல. ருசி போச்சா? இல்ல. அப்ப எதுடி போச்சு?"

மறுநாளே பூசாரியிடம் போனார், நானும் கூடப் போனேன். பூசாரி நல்ல மனிதர். "தெரியாமத் தின்னதுக்கு ஆத்தா கோவிக்க மாட்டா, போப்பா," என்று திருநீறு கொடுத்தார்.

"மொதத் துண்டு தெரியாமத்தான் சாமி," என்றார் அப்பா. "ரெண்டாவது துண்டு? நானா கேட்டு வாங்குனேன். எனக்குத் தெரியல, என் நாக்குக்குத் தெரிஞ்சுருக்கு."

பூசாரி இன்னொரு சிட்டிகை திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் "பெரட்டு"க்களத்தில் ஆட்கள் கூடும்போது செய்தி பரவியிருந்தது. "அதான் சத்தியம் ஒடைஞ்சுருச்சே, இனி என்ன, வாப்பா தவறணைக்கு," என்றார்கள் பழைய கூட்டாளிகள். அப்பா போகவில்லை. போயிருந்தாலும் ஒருவேளை நன்றாயிருந்திருக்கும் என்று பிற்பாடு அம்மா ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே ராசுவுக்குக் காய்ச்சல் வந்தது. லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது காய்ச்சலும் இருமலும் இருந்தது, அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் ஓடினார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார் அவர். திரும்பி வந்த அம்மாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, அப்பா நேரே கோயிலுக்குப் போய்விட்டார். அம்மன் காலடியில், சிமெந்துத் தரையில் துணி விரித்து ராசுவைப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் விழுந்து கிடந்தார். அப்போது கோயிலுக்குச் சுவரில்லை, கூரை மட்டும்தான். சாரல் உள்ளே வரும்.

"புள்ளைக்கு ஊசி போடணுங்க. ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டு வந்து கும்புடுவோம்ங்க," என்று அம்மா காலைப் பிடித்தார்.

"ஆத்தா கேட்டு வாங்க வந்திருக்கா. ஒளிச்சுக் கொண்டுபோனா வழியிலேயே எடுத்துக்குவா. இங்க கெடந்தா எரக்கப்படுவா," என்றார் அப்பா. பிள்ளைமேல் அவருக்குப் பாசமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தன் கம்பளி, சட்டை, எல்லாவற்றையும் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு, வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

மூன்றாம் நாள் மாமா துரையிடம் கெஞ்சி லொறி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் அப்பாவைப் பிடித்துக்கொள்ள, அம்மா பிள்ளையை அள்ளிக்கொண்டு லொறியில் ஏறினார். டவுனுக்குப் போகும் பாதி வழியில், அம்மாவின் மடியிலேயே, ராசு அடங்கிப்போனான். வழியிலேயே எடுத்துக்குவா என்று அப்பா சொன்னபடியே ஆகிவிட்டது என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு சொட்டும் குடித்ததில்லை. சாகும்வரை அம்மா கையால் ஒரு வாய் சோறும் தின்றதில்லை. இஸ்தோப்பில் மூன்று கல்லை வைத்துத் தானே ரொட்டி சுட்டுக்கொண்டார். உள்ளே ஓர் அடுப்பு, வெளியே ஓர் அடுப்பு. நடுவில் நான் உப்பும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்தேன். கொழுந்து மலையில் வாய்ச்சண்டை வந்தால், "போடி, பாணு சுட்டுப் புள்ளையத் தின்னவளே," என்ற ஒரு சொல்லை எடுத்து வீசுவார்கள். அம்மா குனிந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். மாமாவும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். அவர் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

அம்மா ஒரே ஒரு காரியம் செய்தார். படித்தவர் என்று யாரைக் கண்டாலும் கேட்பார். பள்ளிக்கூட வாத்தியாரிடம், மருந்துக்காரரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பொலிஸ்காரரிடம்கூட அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார்: "பீரை நெருப்புல வச்சா, அதுல இருக்குற போதை போயிருமாங்க?" சிலர் சிரித்தார்கள். ஒருவர் முழுக்கப் போய்விடும் என்றார், இன்னொருவர் கொஞ்சம் தங்கும் என்றார். போகும் என்று சொன்னவரையும் அம்மா நம்பவில்லை, தங்கும் என்று சொன்னவரையும் நம்பவில்லை. கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த லயம் இல்லை; மண்சரிவு அபாயம் என்று இடித்துவிட்டார்கள். கோயிலுக்குச் சுவரும் கோபுரமும் வந்துவிட்டன. ராசுவைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டுவிட்டார்கள், எந்த நிரை என்று எனக்கே தெரியவில்லை. பங்களா வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாகிவிட்டது. அங்கே வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பிள்ளை போன மாதம் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "சாப்பிட்டுப் பாருங்க அம்மாயி, பீர் பாணு. செய்யிறது ரொம்பச் சுளுவு," என்றாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் எழுதியதில் பிழையிருக்கும். மாமா காட்டிய மாவின் அளவைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மார்கழி பிறந்துவிட்டதா, முடியும் தறுவாயா என்பதும் குழம்புகிறது. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அம்மா கேட்டதையும் பார்த்துச் சொல்லுங்கள். சுட்ட பாணில் போதை மிஞ்சாது என்றால் அம்மா சொன்னது சரி. அப்படியானால் என் தம்பி மூன்று நாள் ஈரத் தரையில் எதற்காகக் கிடந்தான் என்று அப்பாவைக் கேட்க வேண்டிவரும். மிஞ்சும் என்றால், அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எது உண்மையோ அதை எழுதுங்கள். எனக்காக மாற்றி எழுத வேண்டாம்.