காலண்டருக்குப் பின்னால் தொங்கிய சாவி

இதை உங்கள் முன்னால் நின்று சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது என்று சபையில் சாட்சி சொல்வது சுலபம். என் மகன் துப்பாக்கியோடு பள்ளிக்கூடம் போனான் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்கிறேன். சொல்லாமல் இருந்ததால்தான் அவ்வளவும் நடந்தது.

நாங்கள் மலைமேல் கேத்தியில் கேரட் விவசாயம் பண்ணுகிறவர்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்காக என் வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிவர வேண்டும். அரசாங்கத்துக்கு அதன்மேல் இருந்த பயம் எங்களுக்கு இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஹாலில் பைபிள் வசனம் போட்ட காலண்டருக்குப் பின்னால், அதே ஆணியில் மாட்டிவிட்டோம். தினமும் காலையில் அந்தக் காலண்டரில் தாளைக் கிழித்து வசனத்தைச் சத்தமாக வாசிப்பது என் மகன் பென்னியின் வேலை. சாவியை மறைக்க எவ்வளவு நல்ல இடம் பார்த்தோம், பாருங்கள்!

பென்னி ப்ளஸ் ஒன். பள்ளி விழாவில் பாட ஏறியவன் பாதியில் வரி மறந்து அழுதுவிட்டான். கூடப் படிக்கும் நாலு பேர் அதை வீடியோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டார்கள். அதிலிருந்து தினமும் கேலி. பையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள், "அவனுக நாலு பேரையும் அழ வெக்கறேன், பாரும்மா" என்றான். "வாயைக் கழுவுடா" என்றேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சீட்டு எழுதிப் போட்டேன், மகனுடைய கோபம் குறைய வேண்டும் என்று. நீங்கள் எல்லோரும் ஜெபித்தீர்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கும் சொல்லவில்லை. ஜெபத்தில் வைத்தாயிற்று, இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று என் வேலையைப் பார்த்தேன்.

ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை. வீட்டுக்காரர் கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருந்தார். பென்னி கிரிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினான். "இந்த மழையில என்னடா மேட்ச்?" என்றேன். "இருக்குதும்மா" என்றான். நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை.

பாத்திரம் கழுவிவிட்டு ஹாலுக்கு வந்தபோது காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் அப்படியே இருந்தது. காலண்டர் கோணலாகத் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். ஆணியில் சாவி இல்லை.

பீரோ பூட்டில் சாவி தொங்கியது. உள்ளே சுற்றிவைத்த கம்பளி மட்டும் கிடந்தது. தோட்டா டப்பா காலி. பென்னியின் கட்டிலுக்கு அடியில் கிரிக்கெட் மட்டை இருந்தது.

அவனுக்குப் போன் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். வீட்டுக்காரருக்கு அடித்தேன். "யாருகிட்டயும் மூச்சு உடாத. போலீஸ் கேஸாயிரும். பையன் வாழ்க்கையே போயிரும். நான் வந்தர்றேன்" என்றார். அவர் மலை ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ் எட்டரைக்கெல்லாம் பள்ளிக்குப் போய்விடும்.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியாம முடியட்டும்." வெட்கத்தோடு சொல்கிறேன், அதுதான் என் முதல் ஜெபம். பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று கேட்கவில்லை, எங்கள் மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அப்போது பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயர் கண்ணில் வந்தது. முன்வரிசையில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிற ஆறாம் வகுப்புக் குழந்தைகள். அத்தனை பேருக்கும் ஒரு அம்மா டிபன் கட்டி அனுப்பியிருப்பாள். "நான் என்ன செய்யணும், ஆண்டவரே?" என்று அலறினேன். குரல் எதுவும் கேட்கவில்லை. போன் என் கையிலேயே இருந்தது.

பள்ளி ஹெச்.எம். மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், பென்னி அம்மா பேசறனுங்க. அவங்கப்பா துப்பாக்கி ஊட்டுல இல்லீங்க. தோட்டாவும் இல்லீங்க. எட்டு மணி பஸ்ல கிரிக்கெட் பையோட வர்றானுங்க."

அவர் திட்டவில்லை. "யார் மேல கோபம்?" என்றார். நாலு பெயரையும் சொன்னேன். "நான் ஸ்டேஷனுக்குச் சொல்றேன். நீங்க கிளம்பி வாங்கம்மா" என்றார்.

ஆட்டோ பிடித்துக் குறுக்கு வழியாகப் போனேன். பள்ளி வாசலில் இறங்கினேன். கேட் பூட்டியிருந்தது, பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்குள். ஸ்டாப்பில் சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ், கூடவே பி.டி. சார். மணி எட்டு ஐம்பது. பஸ் அப்போதுதான் வந்தது!

பென்னி கடைசியாக இறங்கினான். பி.டி. சார் எப்போதும்போல அவன் தோளில் கை போட்டார். ஒரு பெண் போலீஸ் பையை வாங்கிக்கொண்டார். அவன் கை விட்டுக்கொடுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தான்.

"நீயா சொன்ன?"

"ஆமாங் கண்ணு. நான்தான் சொன்னேன்."

பஸ் ஏன் தாமதம் என்று கண்டக்டர் சொன்னார். வளைவில் ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்றுகொண்டு, ஹாரன் அடித்தும் இருபது நிமிடம் நகரவில்லையாம். காட்டு மிருகத்தை விரட்டத்தான் நாங்கள் துப்பாக்கி வாங்கினோம். ஒரு காட்டு மிருகத்தை நிறுத்தித்தான் கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார். ஆனால் ஒன்று. நான் முழங்காலிலேயே இருந்திருந்தால் அந்த இருபது நிமிடமும் வீணாகப் போயிருக்கும்.

சுடப் போனானா, மிரட்டப் போனானா, அவனுக்கே இன்னும் தெரியவில்லை. கேஸ் நடக்கிறது. கூர்நோக்கு இல்லத்தில் கொஞ்ச நாள் இருந்தான். இப்போது கவுன்சிலிங் போகிறான். லைசென்ஸ் போய்விட்டது, போகட்டும். கேலி செய்த பிள்ளைகளின் பெற்றோரையும் ஹெச்.எம். மேடம் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்த பிறகும் பென்னி என்னோடு பேசவில்லை. காலண்டர் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றது. கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று காலை ஹாலில் சரக் சரக் என்று சத்தம். நாலு மாதத் தாளையும் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தான். நேற்றைய தாளுக்கு வந்ததும் வசனத்தைச் சத்தமாக வாசித்தான். "இந்த ஆணில இனி வேற ஒண்ணும் மாட்டாதம்மா" என்றான். சமையலறைக்குள் போய் வாய்விட்டு அழுதேன். இன்று இங்கே நிற்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் காலண்டரைத் தூக்கிப் பாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பயப்படும்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே பள்ளியில் சொல்லுங்கள். ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார். போன் பண்ண அது போதும்.