தண்ணீர் புகாத வாட்ச்

கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் நான் வாய்க்காலில் தண்ணீர் அளந்தேன். கட்டைவிரல் நகம் அளவு முகம், பொன்னிறச் செயின். ஒரு தண்ணீர் ஆய்வுத் திட்டத்தில் எனக்குக் கள வேலை. வலங்கைமான் பக்கம் ஒரு மதகில் வாய்க்கால் இரண்டாகப் பிரியும். ஒன்று பண்ணைக்காரர் ஒருவரின் வயல்களுக்கு. இன்னொன்று எங்கள் ஊர் இருக்கும் கடைமடைக்கு. இரண்டும் ஒரே அகலம். தண்ணீர் பாதிப் பாதி என்பது அவர் பேச்சு. மூன்றில் ஒரு பங்குகூட வருவதில்லை என்பது எங்கள் பேச்சு.

அளக்கும் முறை எளிது. கரையோரம் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைக்குச்சி அடிக்க வேண்டும். மேல் குச்சியருகே ஒரு நார்த்தங்காயைத் தண்ணீரில் விட்டு, அது கீழ்க் குச்சியைத் தாண்ட எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். அதோடு தண்ணீரின் ஆழம், அகலம். அவ்வளவுதான். அந்த நொடியைப் பார்க்க ஸ்டாப்வாட்ச் கேட்டேன். ஜீப்புக்கு டீசல் போட்டார்கள், மீட்டிங்குக்கு முந்திரி பிஸ்கட் வாங்கினார்கள். ஸ்டாப்வாட்ச் மட்டும் அடுத்த பட்ஜெட்டில்.

ஆவணியில் ஒருநாள் மதகின் இரும்பு ஷட்டரடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது வாட்ச் நின்றது. கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து, முள் தெரியவில்லை. அளவெடுப்பில் மிச்சம் இருந்த இரண்டு நாளும் ஒண்ணு, ரெண்டு என்று வாயால் எண்ணி எழுதினேன். எழுதியதோடு விடாமல், 'வாட்ச் பழுது, எண்ணிப் பார்த்தது' என்று நோட்டில் குறித்தும் வைத்தேன். நேர்மை.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பண்ணைக்காரர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நிறுத்தினார்.

"வாயால எண்ணுனதுக்குப் பேரு கணக்கா? இவ ஆத்தா எங்க வயல்ல நடவு நட்டப்ப மணி கேட்டாலே எங்க காரியஸ்தர் வயலைவிட்டே வெளியேத்திடுவாரு. இப்ப பொண்ணு நொடியே எண்ணுதாம்."

சிரித்தார்கள். அவர் ஆட்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை. எங்கள் திட்ட என்ஜினியரும் சிரித்தார். பண்ணைக்காரர் சொன்னது பொய்யும் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது என்று அம்மா வீட்டுக்குக் கிளம்ப முடியாது. காரியஸ்தர் மணி பார்த்துச் சொன்னால்தான் வீடு. தண்ணீர் கேட்டுக் கடைமடைக்காரர்கள் கொடுத்திருந்த மனு அன்றைக்கே தள்ளுபடி. கூலியிலிருந்து குத்தகைக்கும், குத்தகையிலிருந்து சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கும் எங்கள் ஜனங்கள் வந்து சேர்ந்திருந்த வயல்கள் அவை. வீட்டுக்கு சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது.

என் கணவர் அப்போது சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டர். தீபாவளிக்கு வருவதாக இருந்தார். எஸ்.டி.டி. பூத்தில் நின்று, மீட்டர் ஓட ஓட அவருக்குச் சொன்னேன். தண்ணிக்குள்ள முக்குனாலும் நிக்கக் கூடாது. ஸ்டாப்வாட்ச் இருக்கணும். வெயில்ல நம்பர் தெரியணும். சேத்துக் கையால அமுக்குற மாதிரி பெரிய பொத்தான். ரப்பர் பட்டை. செயின் வேண்டவே வேண்டாம். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

வந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு வெல்வெட் பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே பொன்னிறச் செயினில் இன்னொரு வாட்ச். முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைக் கல். நிமிர்ந்து பார்த்தால் அவர் மணிக்கட்டில் கறுப்பாக, தடியாக, நான்கு பொத்தானோடு நான் சொன்ன வாட்ச்.

"என்னங்க இது?"

"நீ சொன்னப்புறம்தான் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. கடையில பாத்தேன், ரொம்பப் பிடிச்சிருச்சு."

"எனக்குக் கேட்டதை நீங்க கட்டிக்கிட்டீங்களா?"

"இது ஆம்பள வாட்ச். உன் கையில நல்லாவா இருக்கும்? நாலு பேரு சிரிப்பாங்க."

"பட்டறையில கட்டிக்கிட்டு வேல பாப்பீங்களா?"

"வேலையில வாட்ச்செல்லாம் கட்ட விடமாட்டான்."

அதாவது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்ட. லீவில் இருந்த அந்த ஒரு மாசமும், சோறு தின்னும்போதுகூட பீப் பீப் என்று ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மாமியார் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் கழற்றி என் பக்கம் நீட்டினார். "இந்தா, இதுக்குப் போயி."

"நீங்க கட்டிச் சலிச்சதை நான் கட்ட மாட்டேன்" என்றேன்.

அடுத்த சம்பளம் வந்ததும் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அப்போது சிங்கப்பூர் சாமான் விற்கும் கடைகள் பெருகியிருந்தன. கடைக்காரர் கேட்காமலே பெண்கள் தட்டை எடுத்து வைத்தார். வேண்டாம், அந்தக் கறுப்பு என்றேன்.

"வீட்டுக்காரருக்கா?"

"எனக்கு."

கால்குலேட்டர் வைத்தது ஒன்றைக் காட்டினார். பொத்தான் எள்ளு அளவு. ஒரு நாள் சேற்றில் அடைந்துபோகும். பட்டையில் திசைகாட்டி வைத்தது ஒன்று. கல்லாப் பெட்டியின் இரும்பருகே கொண்டுபோனதும் அதன் முள் அந்தப் பக்கம் திரும்பியது. இரும்பு ஷட்டரடியில் அது என்ன வடக்கைக் காட்டும்? மூன்றாவது நன்றாக இருந்தது. தண்ணீர் போகாது என்று சத்தியம் பண்ணினார். குடிக்க வைத்திருந்த சொம்பில் அதைப் போட்டேன்.

"என்னம்மா பண்றீங்க!"

"போகாதுன்னீங்களே."

நூறு வரை எண்ணி எடுத்தேன். கண்ணாடியின் உள்ளே முத்து முத்தாக நீர். கடைக்காரர் கத்தினார், நானும் கத்தினேன். பொருள் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், சண்டை ஓயட்டும் என்றோ என்னவோ, அலமாரி அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பின்மூடியில் ஐம்பது மீட்டர் ஆழம் தாங்கும் என்று பொறித்திருந்தது. அது சொம்பில் கிடந்தும் ஓடியது. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. பொத்தானை முழங்கையால்கூட அமுக்கலாம். பட்டைதான் பெரிது. கடையிலேயே ஊசியைக் காய்ச்சி இரண்டு துளை கூடுதலாகப் போடச்சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மார்கழியில் கடைமடைப் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் தரை வெடித்தது. தினமும் மூன்று வேளை அளந்தேன். அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொடுக்கவில்லை. "மதகுக்கு வாங்க, உங்க கண்ணு முன்னாலயே அளக்குறேன்" என்றேன். என்ஜினியர் வந்தார், பண்ணைக்காரர் வந்தார், கடைமடைக்காரர்கள் இருபது பேர் வந்தார்கள்.

பண்ணைக்காரர் பக்க வாய்க்காலில் நார்த்தங்காயை விட்டேன். கீழ்க் குச்சியைத் தாண்டியதும் அமுக்கினேன்.

"பாருங்க."

அவர் மதகுக் கட்டையைக் காட்டினார். "கழட்டி அங்க வை. பாத்துக்கறேன்."

என் கையிலிருந்து வாங்கமாட்டார். என் கைப் பக்கமும் வரமாட்டார். இருபது பேருக்கும் அது புரிந்தது.

"கழட்ட மாட்டேன். வாட்ச் என் கையிலதான் இருக்கும். பாக்கணும்னா கிட்ட வந்து பாருங்க."

என்ஜினியர், "ஏம்மா, கழட்டித்தான் வையேன்" என்றார்.

"நீங்களும் கிட்ட வந்தே பாருங்க சார்."

நான் கையை நீட்டியபடியே நின்றேன். தோள் கடுத்தது. கடைமடையிலிருந்து வந்த ஒரு அம்மாள் சொன்னார்: "பயமா இருந்தா ஒத்துக்கிட்டுப் போங்க. பாதிப் பாதி இல்லன்னு சார் எழுதிக்கட்டும்."

பண்ணைக்காரர் வந்தார். வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் மணிக்கட்டின் மேல் குனிந்து, "இருவத்திரெண்டு" என்று படித்தார். பிறகு எங்கள் பக்க வாய்க்கால். காய் அசைந்து அசைந்து போனது. கரையில் நின்றவர்கள் அதைக் கையால் தள்ளிவிடுவது போலத் துடித்தார்கள். மறுபடி குனிந்தார். "அறுவத்தி நாலு." ஆழத்தை என்ஜினியரே கோல் விட்டுப் பார்த்தார். அங்கே முழங்கால், இங்கே கணுக்கால்.

அன்றைக்கே எழுதிக் கையெழுத்தானது: தை பிறக்கும் வரை வாரத்தில் நான்கு நாள் அவர் பக்க ஷட்டர் மூடியிருக்க வேண்டும். முதல் வாரம் மூடினார்கள். இரண்டாவது வாரம் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். கடைமடைக்காரர்கள் போய் உட்கார்ந்து மறுபடி மூடவைத்தார்கள். பாதி வயல் தேறியது. மீதியில் ஆடு மேய்ந்தது.

என்னை அந்த மாசமே பூதலூர்ப் பக்கம் மாற்றினார்கள். 'உள்ளூர்ப் பெண் என்பதால் நடுநிலை பற்றிய ஐயம்' என்று தாளில் இருந்தது. உள்ளூர்ப் பண்ணைக்காரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த என்ஜினியரின் நடுநிலை பற்றி யாரும் ஐயப்படவில்லை.

சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. "அந்த ஆளுகிட்ட உனக்கு ஏன் வம்பு?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் பூதலூரில் ஒரு வாய்க்கால் கரையில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. குச்சி ஒரே அடியில் இறங்கிவிட்டது.