பொண்ணுக்குத் தெரியுமா?

வெள்ளைத் தலைத்துணி கேட்டு யார் வந்தாலும், மடித்துக் கொடுக்கும் முன், சந்தையில் தலைத்துணி விற்கும் புருல்சா இதைத்தான் கேட்பாள். பூப்போட்ட துணிக்குக் கேள்வி கிடையாது. எங்கள் கிர்கிஸ் ஊர் கரகோலில், கல்யாணத்துக்கென்று தூக்கி வந்த பெண்ணின் தலையில் அந்த வீட்டார் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டால் அவள் சம்மதித்ததாகக் கணக்கு.

"தெரியும்னா அவளே வந்து எடுத்துக்கட்டும். தெரியாதுன்னா எங்கிட்ட வெள்ளை இல்ல."

"இதோ அடுக்கி வச்சிருக்கியே?"

"அது ரொட்டி மூடுறதுக்கு."

தங்கப் பல், கனத்த உடம்பு, பை நிறைய சூரியகாந்தி விதை. உய்கூர் தெருவில் உய்கூர் பேசுவாள். சீனத்திலிருந்து வந்த துங்கான் முஸ்லிம்களிடம் தப்பும் தவறுமாக அவர்கள் மொழி. எதில் பேசினாலும் திட்டு மட்டும் கிர்கிஸில்தான். "கல்யாணம்னு பேர் வச்சா பலாத்காரம் தேனாயிடுமா?" என்று பக்கத்திலிருக்கும் என் தேன் கடையைக் காட்டிக் கேட்பாள். சீரழிக்கப்பட்ட பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, எங்கும் கூடவே போவாள். என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்க மாட்டாள். "சூப்பு ஆறுது, குடி. சொல்லணும்னு தோணுறப்ப சொல்லு."

போன வாரம் குல்சான் என்றொருத்தி, மகனுக்காகப் பெண்ணைத் தூக்கிவந்த வீட்டுக்காரி, மூச்சிரைக்க வந்தாள். வெள்ளை வேண்டுமாம், உடனே.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"வீட்டுலதான் இருக்கா. இப்பத்தான் கூட்டியாந்தாங்க. அழுறா. அழாத பொண்ணு ஏது அக்கா?"

புருல்சா விதைகளைத் துப்பினாள். கடையை அப்படியே போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தபடி குல்சான் வீட்டைப் பார்த்து ஓடினாள். நான் ஓடினேன், நூடுல்ஸ் விற்கும் துங்கான்காரி ஹாலிமே கரண்டியோடு ஓடினாள்.

கல்யாண விருந்து வீட்டுக் கதவு எங்கள் ஊரில் யாருக்கும் மூடாது. உள்ளே, மணப்பெண்ணை உட்காரவைக்கும் திரைக்குப் பின்னால், பத்தொன்பது வயது அய்சிரெக், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பன் எழுந்து வந்தான். ஹாலிமேயின் கரண்டியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"வீட்டுக்குப் போறியாடி கண்ணு?" என்றாள் புருல்சா.

அந்தப் பெண் தலையாட்டியதுதான் தாமதம், எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்த குல்சான் வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். "தாண்டிப் போ பார்க்கலாம். மாப்பிள்ளையைப் பெத்தவளைத் தாண்டினவ வயிறு விளங்காது."

அய்சிரெக்கின் கால் நின்றுவிட்டது. அந்தச் சாபத்துக்குப் பயப்படாத பெண் எங்களில் யார்? புருல்சாவே, இருபது வயதில், இப்படி ஒரு படியைத் தாண்டாமல் திரும்பி உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை எனக்குத் தெரியும்.

புருல்சா பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். குல்சானைத் தாண்டி வெளியே போனாள். தாண்டி உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள்.

"உன் சாபம் அத்தனையும் நான் எடுத்துக்கிட்டேன் குல்சான். எனக்கு ஏற்கெனவே பழக்கம். மிச்சம் ஒண்ணும் இல்ல. வாடி கண்ணு."

"அக்கா, என் செருப்பை ஒளிச்சு வச்சுட்டாங்க."

வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. புருல்சா தன் பூட்ஸைக் கழற்றினாள். படிக்கு அந்தப் பக்கம், முனை தெருவைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்தாள். பிறகு கம்பளிக் காலுறையோடு சேற்றில் நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.