பாதி வீட்டைத் தூக்கிய நாள்

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில், ஒரு வீடு எப்போது கட்டப்பட்டது என்பதை அதன் வாயிற்படிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். பழைய வீடுகளுக்குப் படியே இல்லை. தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டும். அடுத்து வந்தவற்றுக்கு இரண்டு படிகள் உண்டு. அண்மையில் எழுந்தவற்றில் ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போடுகிறார்கள். சாலை உயர உயர வீடுகள் தாழ்கின்றன. இயன்றவர்கள் இடித்துவிட்டு உயரக் கட்டுகிறார்கள். அப்படி உயர்ந்த வீடுகளில் பல பூட்டியே கிடக்கின்றன. கட்டியவர்கள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இருப்பது சிங்கப்பூர்க்காரர் ஒருவரின் அப்படிப் பூட்டிய வீடு. கிழக்கே இருப்பது என் மனைவியின் தம்பி வீடு. உண்மையில் அவனுடையதும் எங்களுடையதும் ஒரே வீடுதான். என் மாமனார் அதைக் கட்டி, நடுவே ஒரு சுவர் வைத்து, மேற்குப் பாதியை மகளுக்கும் கிழக்குப் பாதியை மகனுக்கும் கொடுத்தார். மேலே தளம் ஒன்றே. மச்சான் வீட்டுக்கு அப்பாலிருந்த நிலத்தை மனை விற்பவர்கள் மண்கொட்டி மேடாக்கிவிட்டார்கள். ஆகவே பூட்டிய வீட்டுப் பக்கத்து மழைநீரெல்லாம் எங்கள் இரு கூடங்களிலும் சமமாக நிற்கும். மேட்டைத் தாண்டிப் போக அதற்கு வழியில்லை.

கட்டிலின்மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்குவதென நானும் மனைவியும் முடிவுசெய்தோம். இடித்துக் கட்ட வசதியில்லாதவர்கள் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு பாதியையும் சேர்த்தே தூக்கலாம் என்று மச்சானை அழைத்தேன். செம்மங்குப்பத்து ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவன், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியில் அமர்ந்தபடியே நான் சொன்னதைக் கேட்டான்.

"இந்த வருஷம் என்னால ஆவாது மாமா."

"அப்ப அடுத்த வருஷம் நீ தூக்கிக்க."

"அது வரைக்கும் ஒங்க வூட்டுத் தண்ணிக்கும் சேத்து நான்தான் எடம் குடுக்கணும். சிங்கப்பூர்க்காரன் ஏத்திக் கட்டுனப்ப அவன என்னா பேச்சு பேசுனீங்க."

அவன் மனைவி தன் வாசலிலிருந்தே என் மனைவியிடம் சொன்னாள்: "மேல போனதும் ஒரு ஏணி வாங்கிப் போட்டுடுங்க அண்ணி. நல்லது கெட்டதுன்னா நாங்க ஏறி வரணும்ல."

"மொத ஆளா ஏறி வரப் போறவ நீதான்டி," என்றாள் என் மனைவி. இருவரும் சிரிக்கவில்லை.

பொதுச்சுவரைத் தொடாமல் எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு சுவர் எழுப்பினோம். மொட்டைமாடித் தளத்தை அறுவை எந்திரத்தால் குறுக்கே பிளந்தார்கள். அந்த ஓசை கேட்ட நாள் முழுவதும் மச்சான் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. பிறகு அடித்தளத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்துச் சுவர்களுக்கடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகினார்கள்.

தூக்குகிற நாளன்று காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. மேஸ்திரி விசில் ஊதினார். வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் அனைவரும் ஒரே நேரத்தில் பிடியைத் திருகினர். மறுபடியும் விசில், மறுபடியும் ஒரு திருகு. வீடு எழுவது கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் சன்னலின் அடிவிளிம்பு மச்சான் வீட்டுச் சன்னலைவிட்டு மெல்ல மேலே விலகியதை வைத்துத்தான் அறிந்தோம். மச்சான் தெருவில் நின்றான். "எங்க வூட்ட யாரும் தூக்கல, நான் ஏன் வெளிய வரணும்?" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

திடீரென அவன் கூடத்தில் ஏதோ சரிந்து விழுந்தது. விசில் நின்றது. மச்சான் உள்ளே ஓடினான். அவளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் கூரையிலிருந்து சாந்து பாளமாகப் பெயர்ந்து தரையில் கிடந்தது. அடுப்பங்கரை ஓரத்தில் தளத்துக்குள் இருந்த உத்தரக் கம்பிகள் அறுபடாமல் தங்கிவிட்டன. எங்கள் பாதி எழ எழ, அவை அவன் பாதியையும் சேர்த்து இழுத்திருக்கின்றன.

மேஸ்திரி என்னைத் தனியே அழைத்தார். "கீழ அவுங்க கூடத்துல நின்னுதான் சார் கம்பிய அறுக்கணும். அவுரு வுட்டா உண்டு. இல்லன்னா வேலய இப்படியே நிறுத்த வேண்டியதுதான். காத்து மழ வேற வருது."

வீடு ஜாக்கிகளின்மேல் நின்றது. தூறல் தொடங்கியது. மச்சான் தன் கதவுநிலையைப் பற்றிக்கொண்டு வாசலை மறித்து நின்றான். என் மனைவி அவனெதிரே போய் நின்றாள். நான் பின்னால் இருந்தேன். அவன் தோளுக்கு அப்பால், செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலும், சுவரில் பழைய மழைநீர் விட்டுச்சென்ற பழுப்புக் கோடும் தெரிந்தன.

"இப்ப எவ்ளோ ஏறியிருக்கு?" என்று அவன் மேஸ்திரியைக் கேட்டான்.

"ஒண்ணர அடி. ரோட்டுக்குச் சமமா வந்திருக்கு."

"இன்னும் அவ்ளோ ஏத்துவீங்க."

அவன் எங்களைப் பார்க்காமல் வழிவிட்டு விலகினான். "வந்து அறுக்கச் சொல்லுக்கா. அந்தரத்துல எவ்ளோ நேரம் நிக்கும்."

கம்பியை அறுத்து முடித்ததும் மேஸ்திரி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். என் மனைவி, "இதோட போதும், நிறுத்திக்குங்க," என்றாள்.

"பேசுனது மூணடிக்கு," என்றேன். "அடுத்த தடவ ரோடு போட்டா நாம மறுபடியும் பள்ளத்துல."

"அப்ப அவனும் தூக்கட்டும், நாமளும் தூக்குவோம்."

"அதுக்குள்ள பெரு மழ வந்தா?"

"வந்தா ரெண்டு வூட்டுலயும் நிக்கட்டும்."

கடுஞ்சொல் ஒன்று என் நாவில் வந்து நின்றது. மேஸ்திரி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. நான் தலையசைத்தேன். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடியில் செங்கல் கட்டத் தொடங்குமாறு கைகாட்டினார்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பூட்டிய வீட்டின் கொல்லைநீர் எங்கள் கடைகாலைச் சுற்றி வளைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குள் புகுந்தது. அவன் கூடத்தில் முழங்காலளவு. எங்கள் வாசலுக்கு இரண்டு விரற்கடை கீழே. இன்னும் சற்று ஏறினால் எங்கள் கூடத்துக்குள் வழியும். மச்சான் கூடத்தில் ஏறுவது அந்த அளவுக்குக் குறையும். நானும் மனைவியும் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எதை வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. நான் வேண்டியதை அவளிடம் சொல்லவுமில்லை.

அப்போது மச்சானின் குரல் கேட்டது. நீரில் இறங்கிப் போனேன். அவன் தன் குளிர்சாதனப் பெட்டியை ஒருபுறம் அணைத்துத் தூக்கிப்பிடித்தபடி நின்றான். மறுபுறத்தை நான் பற்றினேன். இருவருமாக அதை எங்கள் கூடத்தை நோக்கி நகர்த்தினோம்.

"சாய்க்காதீங்க மாமா," என்றான். "உள்ள மீன் கொழம்பு இருக்கு."